ஏரிக்குள் இறங்குவதற்கு முன்

வெப்பமண்டலக் கிராமப்புறத்தில் இயங்கும் ஒரு சூழல் சுற்றுலா விடுதி தன் வளாகத்திலுள்ள இயற்கை ஏரியை மீட்டெடுப்பது என்று முடிவெடுத்தால், அடுத்த வாரமே கரையில் பொக்லைன் இயந்திரம் வந்து நிற்பதுதான் வழக்கம். தூர் வாருவது, கரையை உயர்த்துவது, களையை அள்ளிப் போடுவது, நடுவில் நீரூற்று வைப்பது என்று எல்லாமே உடனே கண்ணில் படுகிற வேலைகள். செலவு செய்தவருக்கும் ஏதோ நடந்திருக்கிறது என்ற திருப்தி கிடைத்துவிடும். சில ஆண்டுகளாக நான் உடனிருந்து வேலை செய்துவரும் ஏரியில், அந்த இயந்திரத்தை வரவிடாமல் தள்ளிப்போட்டதுதான் நாங்கள் செய்த முதல் நல்ல காரியம் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களை எழுதி வைத்தால், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படக்கூடும்.

இது யாரும் வெட்டிய குளம் அல்ல. ஆறு ஒரு காலத்தில் வளைந்து ஓடிய தடம். ஆறு நேர்வழியைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனபின் வளைவு மட்டும் தனித்து நின்றுவிட்ட குதிரைக் குளம்பு ஏரி. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது ஓர் ஓடை வழியாக வெள்ளம் உள்ளே வரும், வடியும்போது அதே ஓடை வழியாக வெளியேறும், கோடையில் ஏரி பாதியாகச் சுருங்கி ஓரங்களில் சேறு வெடித்துக் கிடக்கும். ஏறி இறங்கும் இந்த நீர்மட்டத்தை நம்பித்தான் இத்தகைய ஏரிகளில் மீன் முட்டையிடுகிறது, விதை முளைக்கிறது, பறவை கூடு கட்டுகிறது. அமேசான் சமவெளியில் நெடுங்காலம் ஆய்வு செய்த வொல்ஃப்காங் யுங்க் என்ற உயிரியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1989இல் இதை ‘வெள்ளத் துடிப்பு’ என்ற கருத்தாக எழுதினார்கள். ஆற்றுச் சமவெளியின் வளம் ஆண்டுதோறும் வந்துபோகும் வெள்ளத்தில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம்.

விடுதி வந்தபோது அந்தத் துடிப்பு நின்றது. ஓடையின் குறுக்கே சாலை போட்டு, அடியில் ஒடுங்கிய குழாய் ஒன்றைப் பதித்தார்கள். ஆண்டு முழுவதும் அறைகளிலிருந்து நீர் தெரிய வேண்டும் என்பதற்காக வெளியேறும் வாயில் தாழ்வான தடுப்பு ஒன்றைக் கட்டினார்கள். கரையோர மரங்களையும் கோரையையும் அகற்றிப் புல்தரையை நீர் விளிம்பு வரை கொண்டுவந்தார்கள். கழிவறைகளின் உறிஞ்சுகுழிகள் ஏரிக்கும் அறைகளுக்கும் நடுவிலிருந்த மணல் மேட்டில் அமைந்தன. இவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்தில் நடந்ததில்லை. ஆனாலும் முதலில் வெங்காயத் தாமரை நீரை மூடியது, அதை அள்ளிய பிறகு நீர் பச்சைக் குழம்பானது, புழுக்கமான சில விடியல்களில் மீன்கள் வாயைப் பிளந்தபடி மேலே வந்து மிதந்தன.

நீர் ஏன் பச்சையாகிறது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்தது கனடாவின் ஆன்டாரியோவில் நடந்த ஒரு சோதனை. 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் 226 என்று எண்ணிட்ட சிறிய ஏரியின் இடுப்பில் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள், ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி பொங்கியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெப்பமண்டல ஏரிகள் பலவற்றில் நைட்ரஜனின் பங்கும் பெரிதுதான் என்றாலும், ஒரு விடுதி தன் கையால் கட்டுப்படுத்தக்கூடியது எது என்று பார்த்தால் பாஸ்பரஸே முன்னால் நிற்கிறது.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஒரு மனிதரின் உடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது, அதில் பெரும்பங்கு சிறுநீரில். விருந்தினரும் பணியாளரும் சேர்ந்து சராசரியாக 30 பேர் தங்கும் இடத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 கிலோ. ஒரு கிலோ பாஸ்பரஸ் நீரில் கலந்தால் 500 கிலோ வரை ஈரப்பாசி வளரும் என்பது ஏரியியலில் அடிக்கடி எடுத்தாளப்படும் கணக்கு. ஆக, சிறிய விடுதி ஒன்றின் கழிவறைகளே ஆண்டுக்கு எட்டு டன் பாசிக்கான உணவை வைத்திருக்கின்றன. செப்டிக் டேங்க் திடக்கழிவைத்தான் பிடித்து வைக்கிறது. கரைந்த பாஸ்பரஸ் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குப் போகிறது. களிமண்ணும் இரும்புச் சத்துள்ள செம்மண்ணும் அதைப் பல காலம் பிடித்து வைக்கும், மணலின் பிடிப்போ சீக்கிரம் தீர்ந்துபோகும். அதன் பிறகு நிலத்தடி நீரோடு சேர்ந்து அது சரிவை நோக்கி, அதாவது ஏரியை நோக்கி, நகரத் தொடங்கும். யாருக்கும் தெரியாமல், நாற்றமில்லாமல், ஒரு குழாய்கூட இல்லாமல் கழிவு ஏரிக்குள் சேர்வது இப்படித்தான்.

வெப்பமண்டலம் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்குகிறது. 10 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அந்த அளவு ஏழரையாகக் குறைந்துவிடுகிறது. இருப்பு குறைவு, ஆனால் வெப்பத்தால் உயிர்களின் மூச்சும் அழுகலும் வேகம் கூடியிருப்பதால் செலவு அதிகம். இன்னொன்றும் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஒரு டிகிரி வேறுபாடுகூட அடர்த்தியைப் பெரிதாக மாற்றும். 29 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயரும்போது ஏற்படும் அடர்த்தி மாற்றம், 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு உயரும்போது ஏற்படுவதைப்போல 30 மடங்குக்கும் மேல். அதனால் அதிக ஆழமில்லாத ஏரியிலும் பகல் வெயிலில் மேல்நீரும் அடிநீரும் எளிதாகப் பிரிந்துவிடுகின்றன. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் அவிழ்ந்து மீண்டும் நீருக்கு வருகிறது. திடீரென்று குளிர்ந்த மழை பெய்து ஏரி புரளும்போது ஆக்சிஜனற்ற அடிநீர் மேலே வரும். மீன்கள் மடிந்த விடியல்களில் பலவற்றுக்கு முந்தைய இரவு இத்தகைய மழை பெய்திருந்தது.

குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பச்சை நீரைப் பார்த்ததும் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைத் தெளிக்கச் சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள பாம் தீவில் 1979இல் குடிநீர்த் தேக்கத்தில் பொங்கிய நீலப்பச்சைப் பாசியைக் கொல்ல அப்படித்தான் தெளித்தார்கள். பாசி செத்தது, அதன் உடலுக்குள் இருந்த நஞ்சு நீரில் கலந்தது. 148 பேர் நோயுற்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மனிதர் குளிக்கவும் நீந்தவும் இறங்கும் ஏரியில் இதைச் செய்யத் துணிவது எனக்கு மன்னிக்க முடியாத செயலாகப் படுகிறது. தவிர, செம்பு மறைந்துவிடுவதில்லை, அடிச்சேற்றில் தங்கி ஆண்டுக்கணக்கில் அங்கே வாழும் சிற்றுயிர்களைப் பாதிக்கிறது.

ஆகவே எங்கள் வேலை ஏரியில் தொடங்கவில்லை, கழிவறையில் தொடங்கியது. மணல் மேட்டிலிருந்த உறிஞ்சுகுழிகளை மூடி, கழிவுநீரை ஏரிக்கு எதிர்ச்சரிவுக்குத் திருப்பினோம். அங்கே ஜல்லி நிரப்பிய நீண்ட படுகைகளில் கோரையும் சம்பும் நட்டு, செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கீழே மெதுவாக ஊடுருவவிட்டோம். இந்தப் படுகைகள் அழுகும் பொருளை நன்றாகவே குறைக்கும். ஆனால் பாஸ்பரஸ் விஷயத்தில் அவற்றை முழுதாக நம்பக்கூடாது, ஜல்லியின் பிடிப்பும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதனால் படுகையைத் தாண்டி வரும் நீர் ஏரிக்குத் திரும்பாமல் மரத்தோப்புக்குப் போகும்படி அமைத்தோம். சமையலறைக்கு எண்ணெய்ப் பொறி, துணி துவைக்கப் பாஸ்பேட் இல்லாத தூள், புல்தரைக்கு உரமே இல்லை என்ற விதி ஆகியவையும் கூடவே வந்தன. விருந்தினர் யாரும் இந்தப் படுகைகளைப் படம் எடுப்பதில்லை. ஆனால் ஏரிக்காகச் செலவழித்த பணத்தில் மிகச் சரியாகச் செலவானது இதுதான். அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியிலும் அடிப்படையில் இதைத்தான் செய்தார்கள். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரை ஏரிக்கு வராமல் திருப்பினார்கள், அதன்பின் ஏரி தானே தெளிந்தது.

அடுத்தது கரை. புல்தரை விளிம்பில் முடிகிற இடத்தில் மழைநீர் மண்ணையும் இலைக்குப்பையையும் நேராக நீரில் கொட்டும். புல் வெட்டுவதை நிறுத்தி, கரையை மென்சரிவாக விட்டு, கோரைகளும் நீர்மருதும் நின்று வளர ஓர் அகலமான பட்டையை ஒதுக்கினோம். இதற்குத்தான் விடுதியில் எதிர்ப்பு அதிகம், ஏனென்றால் தரைத்தள அறைகளிலிருந்து நீர் மறைந்துபோகும். இரண்டு இடங்களில் மட்டும் பார்வைக்கு வழிவிட்டு, அங்கே மரப்பலகை மேடை அமைத்துக்கொள்வது என்று உடன்பாடு ஆனது.

வெங்காயத் தாமரையைப் பற்றி மட்டும் தனிக்கட்டுரை எழுதலாம். அமேசான் படுகையிலிருந்து அழகுச் செடியாக உலகெங்கும் போனது, சாதகமான சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். அதன் ஈர எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர் என்பதால், அள்ளுபவர்கள் சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீரைத்தான். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அழுகிய சாறு முழுவதும் ஏரிக்கே திரும்பும், எனவே வெள்ளம் எட்டாத மேட்டுக்குக் கொண்டுபோய் மட்கவைக்க வேண்டும். விதைகள் சேற்றில் 20 ஆண்டுகள் வரை முளைப்புத் திறனோடு கிடக்கும் என்பதால் பூப்பதற்கு முன்பே அள்ளுவது நல்லது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஒரே மூச்சில் முழு ஏரியையும் வழித்தெடுக்கக் கூடாது என்பது. செடி பிடித்து வைத்திருந்த சத்தும் வெளிச்சமும் ஒரே நாளில் நுண்பாசிக்குக் கிடைத்துவிடும், முன்பு நீர் பச்சையானதும் அப்படித்தான். பட்டை பட்டையாக அள்ளி, வெளிச்சம் பட்ட இடத்தில் நாட்டு நீர்த்தாவரங்கள் வேர்பிடித்த பிறகே அடுத்த பட்டைக்குப் போனோம். பெரிய நீர்ப்பரப்புகளில் கையால் அள்ளி முடியாது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களில் இந்தச் செடியை மட்டுமே தின்னும் நியோகெட்டினா வகைக் கூன்வண்டுகளை விட்டார்கள், பின்னர் அதன் பரப்பு பெருமளவு சுருங்கியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அத்தகைய முடிவை அரசு ஆய்வகங்கள்தான் எடுக்க வேண்டும், விடுதி அல்ல.

நாட்டுச் செடிகளை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தபோது நாற்றங்காலில் வாங்குவதற்கு முன் ஏரியிடமே கேட்டுப் பார்த்தோம். ஓரம், நடு, ஓடையின் வாய் என்று பல இடங்களில் மேல்சேற்றை எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கி, கழுவிய மணல் பரப்பிய தட்டுகளில் ஒரு விரல் தடிமனுக்குப் பரப்பினோம். பாதித் தட்டுகளில் சேறு ஈரமாக மட்டும் இருக்கும், மறுபாதியில் அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்கு நீர் நிற்கும். காற்றில் வரும் விதை விழாதபடி மேலே மெல்லிய வலை. வலையைத் தாண்டி ஏதேனும் வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேறே இல்லாத வெறும் மணல் தட்டு ஒன்றையும் பக்கத்திலேயே வைத்தோம்.

முதலில் ஈரத் தட்டுகளில் மயிரிழை போன்ற பச்சை முளைகள் எழுந்தன, உருட்டிப் பார்த்தால் தண்டு முக்கோணமாக இருந்ததை வைத்துக் கோரை இனம் என்று தெரிந்தது. நீர் நின்ற தட்டுகள் வெகுநாள் வெறுமையாகவே இருந்தன, சலித்துப்போய்க் கொட்டிவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு ஒரு தட்டின் மூலையில் மெல்லிய, நொறுங்கும் தன்மையுள்ள கிளைகள், கணுவுக்குக் கணு சுற்றடுக்காக எழுந்தன. விரலில் தேய்த்தால் சுண்ணாம்பின் நறநறப்பும் பூண்டு வாடையும். அது காரா என்ற பாசியினம், தெளிந்த நீரின் அடியில் மெத்தையாகப் படர்ந்து சேற்றைக் கலங்கவிடாமல் பிடித்துவைப்பது. அந்த ஏரியில் அதை உயிரோடு பார்த்தவர் எங்களில் யாருமில்லை. அதன் பின் குறுகிய, நீருக்குள்ளேயே அடங்கிய சிறு இலைகள் வந்தன. முதிர்ந்த அல்லியின் வட்ட இலைக்கும் இவற்றுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லாததால், மிதக்கும் முதல் இலை விரியும்வரை அல்லிதான் என்று நம்ப முடியவில்லை. வெங்காயத் தாமரையும் முளைத்தது, அதையும் எண்ணிக் குறித்துக்கொண்டோம், எந்தப் பகுதியில் காவல் அதிகம் வேண்டும் என்று அது காட்டியது. மணல் தட்டு கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. சீனாவின் வடகிழக்கில் வறண்டுபோன ஓர் ஏரிப்படுகையில் கிடைத்த, சுமார் 1300 ஆண்டுகள் பழமையான தாமரை விதையை முளைக்கவைத்ததாக 1995இல் அறிவியலாளர்கள் எழுதியதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் எங்கள் சேற்றிலேயே இவ்வளவு காத்திருந்தது என்பதை நேரில் கண்டபோது, பொக்லைனை வரவிட்டிருந்தால் முதல் நாளே இந்த மேல்சேறு முழுவதும் லாரியில் ஏறியிருக்கும் என்ற எண்ணம் நடுங்கவைத்தது.

தூர் வாருவதே தவறு என்று சொல்லவில்லை. ஸ்வீடனின் ட்ரும்மன் ஏரியில் கழிவுநீரை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும் நீர் தெளியவில்லை. அடிச்சேறே சத்தைக் கக்கிக்கொண்டிருந்ததால் 1970, 1971 ஆண்டுகளில் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள், ஏரி மீண்டது. வரத்தை முதலில் அடைத்து, காத்திருந்து பார்த்து, சேற்றைச் சோதித்து, அதுதான் காரணம் என்று தெரிந்தபின் எடுக்க வேண்டிய முடிவு அது. எங்கள் ஏரியில் ஓடை வாயில் சாலை மண் அரித்துச் சேர்ந்த திட்டை மட்டும் கையால் வெட்டி எடுத்தோம்.

நீர்மட்டத்தைப் பற்றிய விவாதம்தான் நீண்டது. வெளிவாயில் தடுப்பில் ஒரு வெட்டு விட்டு, கோடையில் ஏரி தன் போக்கில் சுருங்கட்டும் என்று நான் வற்புறுத்தினேன். சேறு காய்ந்து காற்றுப் படும்போது அழுகல் பொருள் சிதைகிறது, இரும்பு மீண்டும் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்கிறது, கோரை விதைகளுக்கு முளைக்க இடம் கிடைக்கிறது. உள்ளான்களும் கொக்குகளும் அந்தச் சேற்றைத் தேடித்தான் வருகின்றன. ஆனால் பணம் கொடுத்துத் தங்க வருபவர் சேற்றைப் பார்க்க வருவதில்லை என்பது நிர்வாகத்தின் நியாயமான கவலை. அந்தக் கவலைக்கு விடையாக அமைந்தது இலைக்கோழிதான். அல்லி படர்ந்த பகுதியில் மிதக்கும் இலைகளின் மேல் அது முட்டையிட, ஆண் பறவை அடைகாத்தது. அதைப் பார்க்க மேடையில் மணிக்கணக்கில் அமைதியாக உட்கார்ந்திருந்த விருந்தினர்கள், சேற்று ஓரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்களே தவிர, குறை சொல்லவில்லை. அந்தப் பருவத்தில் படகு விடுவதை அப்பகுதியில் நிறுத்தினோம், மேடையிலிருந்த மின்விளக்குகளையும் எடுத்துவிட்டோம், ஏனென்றால் இரவில் அவை ஈசலைப் போல விளக்கைத் தேடிவரும் நீர்ப்பூச்சிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன.

கொசுவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மிதக்கும் களை மூடிய நீரில்தான் மேன்சோனியா வகைக் கொசுக்கள் பெருகும், அவற்றின் புழுக்கள் செடியின் வேரைத் துளைத்து அங்கிருந்து காற்றை எடுத்துக்கொள்கின்றன. களை குறைந்து, தும்பியின் இளம்புழுக்களும் நாட்டு மீன்களும் கூடியபோது தொல்லை தணிந்தது. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விடுமாறு வந்த யோசனையை மறுத்துவிட்டோம், அது தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் நாட்டு மீன்குஞ்சுகளையும் தின்றுவிடும்.

தெளிவை அளக்க நாங்கள் பயன்படுத்துவது செக்கி தட்டு. ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, 1865இல் மத்தியதரைக் கடலில் வெண்தட்டை இறக்கிப் பார்த்த அதே முறைதான். கறுப்பும் வெள்ளையும் கால்பாகங்களாகத் தீட்டிய 20 சென்டிமீட்டர் தட்டைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். இப்போது இந்த வேலையை விருப்பமுள்ள விருந்தினர்களே செய்கிறார்கள், பதிவேட்டில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது. ஒன்றை மட்டும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இலைச்சாறு கலந்த தேநீர் நிறம் இந்த ஏரிக்கு இயல்பானது, நீச்சல்குளத்தின் நீலத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

மீதமிருக்கும் பெரிய வேலை சாலைக்கு அடியிலுள்ள அந்தக் குழாய். அதை எடுத்துவிட்டு அகலமான சிறுபாலம் கட்டினால் வெள்ளம் முன்போல் உள்ளே வரும். ஆற்றிலிருந்து திலேப்பியா (ஜிலேபி) மீனும் வெங்காயத் தாமரையும் மேல்நிலங்களின் உரநீரும் கூடவே வருமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அச்சம் பொய்யல்ல. ஆனால் திலேப்பியா ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. மிதந்து வரும் களையை வாயிலேயே மூங்கில் தடுப்பு கட்டிப் பிடித்துவிடலாம். உரநீரைக் குறைக்க மேலே பயிர் செய்பவர்களோடு வரப்போரப் புல்பட்டைகள் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம், அது மெதுவாகத்தான் நகரும். வெள்ளத்தோடு ஏறிவந்து ஆழமற்ற ஓரங்களில் முட்டையிடும் ஆற்று மீன்களுக்கோ வேறு வழி எதுவும் இல்லை. அதனால் திறந்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. நிர்வாகமும் இப்போது அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. நீர் மிகத் தாழ்ந்திருக்கும் கோடை வாரங்களில் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால், பாலத்தின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய ஆற்றிலும் ஏரியிலும் அளவுகோல் நட்டுத் தினமும் நீர்மட்டத்தைக் குறித்துவருகிறோம்.